இலைச்சாற்றுக்குச் சாகாத செல்கள்

பத்து ஆண்டுகளுக்கு மேல் நான் மூளைக் கட்டிகளை வளர்த்தேன். மருத்துவர்கள் வெட்டி எடுத்ததை வாங்கி வளர்த்தேன். மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானில் உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் யாராவது, "மூளைக் கட்டிக்கு மருந்து கண்டுபிடிக்கிறியாமே?" என்று கேட்பார்கள். இல்லை, அது ஏன் சாகமாட்டேன் என்கிறது என்று பார்க்கிறேன் என்பேன். அதோடு பேச்சு சாப்பாட்டுப் பந்தி பக்கம் போய்விடும்.

வேலை இதுதான். ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு அறுவை நடக்கும். அவர் சம்மதித்திருந்தால், கட்டியில் ஒரு துண்டு பனிக்கட்டிப் பெட்டியில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும். பெயர் இருக்காது, ஓர் எண்ணும், வயதும், ஆணா பெண்ணா என்பதும், மூளையின் எந்தப் பக்கம் என்பதும் மட்டும் இருக்கும். அதைப் பொடியாக நறுக்கி, செல்களைப் பிரித்து, ஊட்டத் திரவத்தில் விட்டு, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் பெட்டிக்குள் வைப்பேன். பெரும்பாலான செல்கள் சில நாள்களில் செத்துப்போகும். மிகச் சிலவே பிழைக்கும். அவை எதிலும் ஒட்டாமல் மிதந்தபடியே பெருகி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வெந்த ஜவ்வரிசி மாதிரி, உருண்டை உருண்டையாகத் திரளும். அவைதான் கட்டியின் ஸ்டெம் செல்கள். மருந்து பட்டால் மற்ற செல்கள் சாகும், இவை தூங்கும். மருந்து நீங்கியதும் விழித்துக்கொண்டு, முழுக் கட்டியையும் மறுபடி கட்டி எழுப்பும். வெட்டி எடுத்த பிறகும் கட்டி திரும்ப வருவது இவற்றால்தான் என்று என் துறையில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இதை நான் கற்றுக்கொண்டது குளிர் நாடு ஒன்றில். அங்கேயே இருந்திருப்பேன். ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து ஒரு பேராசிரியர் போன் செய்தார். மலேசியத் தமிழர், ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஓர் ஆராய்ச்சி மையத்துக்கே தலைவராக வந்தவர். "எத்தன நாளைக்கும்மா வெள்ளக்காரனுக்கு வேல செய்யப் போற? வா லா, இங்க நம்மளே ஒண்ணு கட்டலாம்" என்றார். அந்தத் தமிழைக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. பெட்டியைக் கட்டிவிட்டேன்.

முதல் சில ஆண்டுகள் நன்றாகவே போயின என்பதை இப்போது கசப்போடு ஒத்துக்கொள்கிறேன். எல்லோரும் அவரைப் 'புரோஃப்' என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு ஒரு நல்ல மைக்ரோஸ்கோப் வேண்டும் என்று மேலிடத்தோடு சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தார். நான் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். சனிக்கிழமைகளில் கிள்ளானுக்குப் போனால் அம்மா முதலில் விசாரிப்பது அவரைத்தான். என்னை அதற்குப் பிறகு.

அப்புறம் அந்தச் செடி வந்தது. இந்த நாட்டில் வேலி ஓரத்தில் தானாக முளைக்கிற செடி. அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் படிக்கிறவர்களில் ஒருவராவது நாளைக் காலையில் அதைக் கொதிக்கவைப்பார். புரோஃபுக்கு அதன்மேல் ஒரு பிடிப்பு. மையத்தில் பாதிப் பேர் அந்த இலையின் சாற்றைத்தான் ஆராய்ந்தார்கள். மூளைக் கட்டிச் செல்கள்மேல் ஊற்றினார்கள், செல்கள் செத்தன. படம் அழகாக வந்தது. உயிருள்ளவை பச்சையாகவும் செத்தவை சிவப்பாகவும் தெரியும் படம். தட்டு முழுக்கச் சிவப்பு.

அந்தத் தட்டுகளை நான் வாங்கி, சாற்றைக் கழுவிவிட்டு, புது ஊட்டத் திரவம் ஊற்றி, பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். என் துறையில் எல்லோரும் செய்கிற சோதனைதான். சில வாரங்கள் ஒன்றுமே இல்லை. பிறகு ஓரமாக ஓர் உருண்டை. அடுத்த வாரம் தட்டு முழுக்க உருண்டைகள். வேறொருவரின் கட்டியில் செய்து பார்த்தேன், அதே. இன்னொருவர், அதே. கடைசியாக, அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஒரு கட்டியில் செய்தேன். அது மற்றவற்றைவிட வேகமாகத் திரும்ப வளர்ந்தது.

புரோஃபின் அறைக்குப் போய்க் காட்டினேன்.

"கழுவிட்டுப் பார்க்கச் சொல்லி யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லல புரோஃப். வழக்கமா செய்யிறதுதானே."

"கேளு. கொல்லுது. அது உண்மதானே?"

"சாதாரண செல்ல கொல்லுது. ஸ்டெம் செல் தூங்குது, அவ்ளோதான். மருந்து போனா எழுந்திடுது."

"அப்போ அது அடுத்த பேப்பர் லா. முதல்ல இது வெளிய வரட்டும்." என் படங்களைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் என்னிடமே தள்ளினார்.

அவருடைய கட்டுரை வெளியானது. அதற்கடுத்த வாரமே தமிழ்ப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் அவர் படம். மூளைப் புற்றுநோய்க்கு நம் மண்ணின் மூலிகை என்று தலைப்பு. படத்தில் அவருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டில் நானும் நின்றேன். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் வந்து நில்லுங்கள் என்றார்கள், நின்றோம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். பொன்னாடை வாங்கிவர என்னைத்தான் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு அனுப்பினார்கள். நான் வாங்கிவந்த சரிகைத் துணியைப் போர்த்திக்கொண்டு அவர் பேசினார். தட்டில் செத்தது என்றார். மனிதருக்குக் குணமாகும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவர் கெட்டிக்காரர். கூட்டத்திலிருந்து ஓர் அம்மா எழுந்து, "இத வீட்ல குடிக்கலாமா சார்?" என்று கேட்டார்.

புரோஃப் சிரித்தார். "நான் வைத்தியர் இல்லம்மா, விஞ்ஞானி. ஆனா எங்க வீட்ல நாங்க குடிக்கிறோம்."

மண்டபமே கைதட்டியது.

அதற்குப் பிறகு ஆள்கள் வர ஆரம்பித்தார்கள். கீழே வரவேற்பு மேசையிலிருந்து போன் வரும்: யாரோ பத்திரிகையோடு வந்திருக்கிறார்கள். புரோஃப் வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் இருந்தார். அதனால் நான் இறங்கிப் போவேன். மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். அப்படி வந்தவர்களில் ஒரு பெண். நாற்பது வயதிருக்கலாம். கிள்ளானைத் தாண்டியிருக்கும் காப்பாரிலிருந்து வந்திருந்தாள், கையுறைத் தொழிற்சாலையில் வேலை.

"நீங்கதானே டாக்டர் பேப்பர்ல புரோஃபசர் பின்னால நின்னது? எங்க வீட்டுக்காரருக்குத்தான் கட்டி. ரேடியேஷன் போய்ட்டு வந்தோம். நடக்க முடியலன்னு சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல சாப்பாட்டுக் கடையில உக்கார வச்சிட்டு வந்திருக்கேன்."

ஏனோ அவளோடு நடந்தேன். கடையில் ஒரு மனிதர் தொப்பி போட்டுக்கொண்டு தே தாரேக், நுரை பொங்க ஆற்றிய டீ, குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். மொட்டைத் தலையில் காதுக்கு மேலே வளைந்த தழும்பு. பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.

"பஸ்ல அத்தன புள்ளைங்க கத்தும்போது வராத தலவலி டாக்டர், லீவுல சும்மா உக்காந்திருக்கும்போது வந்துச்சு" என்றார். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

எப்போது அறுவை நடந்தது என்று கேட்டேன். எந்த நோக்கமும் இல்லாமல், பேச்சுக்காகத்தான் கேட்டேன்.

"தீபாவளிக்கு முந்துன வாரம். எடது பக்கம்" என்றாள் அவள். ஆஸ்பத்திரியின் பெயரையும் சொன்னாள்.

அந்த வாரம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்கு வந்த கட்டி ஒன்றே ஒன்றுதான். இடது பக்கம், நாற்பதுகளில் ஓர் ஆண். எல்லாவற்றையும்விட வேகமாகத் திரும்ப வளர்ந்தது அதுதான். எதிரே அவர் ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரத்தில், என் பெட்டிக்குள், அவர் செல்கள் அந்த இலைச்சாற்றைக் குடித்துத் தூங்கி எழுந்து பெருகிக்கொண்டிருந்தன. அதை நான் அவரிடம் சொல்லக்கூடாது. யாருடைய செல் என்று தெரிந்துகொள்வதே விதிப்படி தப்பு.

"ரேடியேஷன நிறுத்தலாம்னு இருக்கோம் டாக்டர்" என்றாள் மனைவி. "போட்டுட்டு வந்தா ரெண்டு வாய் சாப்பிட முடியல. இலைய குடிக்க ஆரம்பிச்சதிலேருந்து நல்லா இருக்காரு. ரெண்டையும் சேத்து எடுத்தா இலை வேல செய்யாதுன்னு வாட்ஸப்ல வந்திச்சு."

"நிறுத்தாதீங்க அக்கா. அந்த இலைச்சாற வச்சி நானே செஞ்சு பாத்திருக்கேன். கட்டியோட முக்கியமான செல்லு அதுல சாகல. தூங்கிட்டு திரும்ப வளருது. ஒருத்தரோடது இல்ல, எல்லாருதும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ ரேடியேஷன் போட்டா அது செத்திடுமா?" என்று கேட்டார் அவர்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் போட்டிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அது பொய். ரேடியேஷனிலும் அவை தப்பிக்கும் என்று என் துறை முழுக்கத் தெரியும்.

"எல்லாம் சாகாது அண்ணே. ஆனா வளர்றது மெதுவாகும். உங்களுக்குக் கூட கொஞ்ச காலம் கிடைக்கும்."

"எவ்ளோ?"

"அத யாராலயும் சொல்ல முடியாது."

அவர் தலையாட்டினார். மறுபடி தொப்பியைப் போட்டுக்கொண்டார். "உண்மய சொன்னீங்க, தேங்க்ஸ்" என்றார். மனைவி மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "அப்புறம் ஏன் டாக்டர் புரோஃபசர் வீட்ல குடிக்கிறாரு?"

புரோஃப் ஊர் திரும்பியதும் அவரே அவர்களிடம் பேசட்டும் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். அவர் வாயால் நிறுத்தாதீர்கள் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று நினைத்தேன். அவருடைய அறையில் நானும் இருந்தேன். அவர் அந்த ஓட்டுநரின் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தத் தோட்டம், அப்பா யார் என்றெல்லாம் விசாரித்தார். இருவரின் அப்பாக்களும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் என்று தெரிந்ததும் இருவருக்கும் கண் கலங்கியது.

"ரேடியேஷன நிறுத்துன்னு நான் சொல்லமாட்டேன்" என்றார் புரோஃப். "அது டாக்டருங்க வேல. ஒங்க ஒடம்பு, ஒங்க முடிவு. ஆனா ஒண்ணு தம்பி, இயற்கையா இருக்கிறது யாருக்கும் கெடுதல் செய்யாது."

"டாக்டரம்மா வேற மாதிரி சொன்னாங்க..."

"அவங்க சின்ன வயசு. ரொம்ப கவனமா இருப்பாங்க. நல்லதுதான்." என் பக்கம் திரும்பிச் சிரித்தார். பிறகு அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். படத்தை எடுத்தது நான்.

ஓட்டுநர் ரேடியேஷனை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டும் போகவில்லை. மனைவி என் போனுக்குப் படங்கள் அனுப்புவாள்: அவர் பேருந்தைக் கழுவுகிறார், கடலோரக் கடையில் நண்டு சாப்பிடுகிறார், தலையில் முடி முளைத்திருக்கிறது. 'ரொம்ப நல்லா இருக்காரு டாக்டர்' என்று கீழே இருக்கும். ரேடியேஷனின் களைப்பு நீங்கியதால் நன்றாக இருந்தார். வெட்டி எடுத்த இடம் இன்னும் காலியாக இருந்ததால் நன்றாக இருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் நான் ஒரே பதிலைத்தான் அனுப்பினேன்: தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொஞ்ச நாளில் படங்கள் வருவது நின்றது. என் பதில் பிடிக்காமல் நிறுத்திவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு ஒரு மதியம் அவளே அழைத்தாள். அவருக்கு வார்த்தை குழறுகிறது, வலது காலை இழுத்து நடக்கிறார் என்றாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது கட்டி பழைய இடத்தையும் தாண்டி மறுபக்கத்துக்குப் போயிருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் இறந்துவிட்டார். நான் காப்பாருக்குப் போய், கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டு வந்தேன். புரோஃப் பெரிய மலர் வளையம் அனுப்பியிருந்தார்.

நான் மையத்தின் நெறிமுறைக் குழுவுக்குப் புகார் எழுதினேன். என் சோதனைகள் எல்லாவற்றையும் இணைத்தேன். ஒரு நோயாளி சிகிச்சையை நிறுத்தி இறந்திருக்கிறார், இன்னும் எத்தனை பேர் நிறுத்தியிருக்கிறார்களோ தெரியாது, பத்திரிகையில் மறுப்பு வர வேண்டும் என்று கேட்டேன். கூட்டம் நடந்த நாளில் அம்மாவுக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. போனில் சொன்னாள்: "நம்ம ஆளு ஒருத்தர் மேல வந்தாரு. அவர புடிச்சி இழுக்கிறதுக்கு வேற ஆளே வேணாம், நம்மளே போதும்." நான் போனை வைத்துவிட்டேன்.

குழுவில் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். பிஸ்கட் வைத்திருந்தார்கள். புரோஃப் அமைதியாகப் பேசினார். "வருத்தமான விஷயம். ஆனா இந்த நோய்ல எந்த மருந்து குடுத்தாலும் ஸ்டெம் செல் தப்பிச்சி திரும்ப வளரும். ரேடியேஷன் முழுசா போட்டிருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும். இந்தப் பொண்ணோட ஆராய்ச்சியே அதத்தான் சொல்லுது." என் படங்களை எடுத்து ஒவ்வொன்றாக மேசைமேல் அடுக்கினார். இத்தனை காலம் தொட்டுக்கூடப் பார்க்காத படங்கள்.

கூடுதலாகச் சில மாதங்கள் கிடைத்திருக்கும் என்றேன். உறுதியாகச் சொல்ல முடியுமா என்று ஒருவர் கேட்டார். தனி ஒருவருக்கு அப்படி யாராலும் உறுதி சொல்ல முடியாது என்றேன். எழுதிக்கொண்டார்கள். மேலும் ஆய்வு தேவை என்று முடிவு வந்தது.

அந்த ஆண்டு என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம், திட்டத்தின் திசை மாறுகிறது என்பது. செல்கள் மையத்தின் சொத்து. உறையவைத்த குப்பிகளில் ஒன்றையாவது வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டேன். இடப் பற்றாக்குறையால் பழைய மாதிரிகளை அழித்துவிட்டோம் என்று மின்னஞ்சல் வந்தது. மனிதர்களிடமிருந்து வந்த பொருளை அழிக்கும் முறை எனக்குத் தெரியும். மஞ்சள் பையில் போட்டு, அழுத்த நீராவியில் வைப்பார்கள். இலைச்சாற்றுக்குச் சாகாதவை அதில் செத்திருக்கும்.

இப்போது நான் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தனியார் கல்லூரியில் தாதியர் படிப்பு மாணவிகளுக்குச் செல்லின் அமைப்பைச் சொல்லிக்கொடுக்கிறேன். படம் வரைந்து பாகங்களைக் குறிப்பது வரைதான் பாடம். புரோஃப் ஓய்வு பெற்றுவிட்டார். அரசு கொடுக்கும் டத்தோ பட்டமும் கிடைத்தது. அந்த இலை கேப்ஸ்யூலாக மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. டப்பாவில், இது எந்த நோயையும் குணப்படுத்தும் என்று கூறப்படவில்லை என்று பொடி எழுத்தில் இருக்கிறது. சொற்களில் அவருடைய அந்தக் கவனத்தை நான் அங்கும் பார்த்தேன்.

போன மாதம் காப்பாருக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. இனி விதி எதுவும் என்னைக் கட்டாது, அந்தப் பெண்ணிடம் முழு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். கம்பத்து வீடு, கிராமத்துப் பலகை வீடு. வாசலுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். முன்பக்கம் முழுக்கப் பெயின்ட் வாளிகளில் அந்தச் செடி. வரிசை வரிசையாக, நன்றாகத் தழைத்து நின்றது.

"வாங்க டாக்டர், வாங்க!" உண்மையான சந்தோஷத்தோடு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மைலோ கலக்கிக் கொடுத்தாள். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அவர் கட்டியில் ஒரு துண்டு என்னிடம் வந்தது. அதில் இந்த இலையைச் சோதித்தேன். அது சாகவில்லை, திரும்ப வளர்ந்தது. அன்று கடையில் உங்களைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும்.

"அவரோடதா? ஒங்ககிட்ட இருந்திச்சா?" என்றாள்.

"ஆமாக்கா."

"அவரு போன பெறகும்?"

"கொஞ்ச காலம் இருந்திச்சு. அப்புறம் அழிச்சிட்டாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஒரு தடவ வந்து பாத்திருப்பேன்" என்றாள். அப்புறம், என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னாள்: "தட்டுல வச்சா வளரத்தான் செய்யும் டாக்டர். ஒடம்பு வேற லா. நான் கண்ணால பாத்தேன். இலை குடிச்ச மாசமெல்லாம் அவரு எப்படி இருந்தாரு! படமெல்லாம் அனுப்புனேனே. நாங்க லேட்டா ஆரம்பிச்சிட்டோம். மொதல்ல அந்த ரேடியேஷனே போயிருக்கக்கூடாது. அவரு போன பெறகு புரோஃபசரும் துக்கம் கேக்க வீட்டுக்கு வந்தப்ப அதத்தான் சொன்னாரு, முன்னயே குடிச்சிருக்கணும்னு."

அவர் நன்றாக இருந்த அந்த மாதங்கள் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவை பொய்யும் இல்லை.

வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. இளைஞன் ஒருவன் இறங்கினான், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல். அவனுடைய அக்காவுக்குத் தலையில் கட்டியாம். அவள் எழுந்து போய், வாளிகளில் தளிரைவிட்டு முற்றிய இலையாகப் பார்த்துப் பறித்தாள். அவன் என்னவோ எடுத்து நீட்டினான், வாங்க மறுத்துவிட்டாள். இலவசமாகத்தான் கொடுக்கிறாள், யாருக்கும்.

"நல்ல நேரத்துல வந்த தம்பி. இவங்க யாரு தெரியுமா? இந்த இலைய ஆராய்ச்சி பண்ண டாக்டரே இவங்கதான்."

அவன் சட்டென்று கவசத்தைக் கழற்றி, இரண்டு கையையும் கூப்பினான்.

"தம்பி, அக்காவுக்கு ஆஸ்பத்திரில ரேடியேஷன் சொல்லியிருக்காங்களா? அத நிறுத்தாதீங்க. இந்த இலை கட்டிய கொல்லாது. நான் செஞ்சு பாத்தவ, சொல்றேன்."

அவன் குழம்பி அவளைப் பார்த்தான். "டாக்டருங்க அப்படித்தான் சொல்லணும் தம்பி, அவங்க வேல அது" என்றாள் அவள், குரலில் எனக்காக அவ்வளவு பரிவோடு. அவன் புரிந்துகொண்டவன்போலத் தலையாட்டினான். "தேங்க்ஸ் டாக்டர்" என்று என்னிடமும் சொல்லிவிட்டு, இலைப் பையை மோட்டாரின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். பின்னாலேயே ஓடி அவன் எண்ணையாவது வாங்கியிருக்கலாம். வாசல்வரை போனேன். அதற்குள் அவன் பெரிய சாலையில் லோரிகளுக்கு நடுவே கலந்துவிட்டான்.